மோட்டார் வண்டியும் இழுவை வீடும்

மாட்டுவண்டியிற் பாரமேற்றும் முறையை அறிந்தார்க்கு இக்கட்டுரையின் கருத்து எளிதில் விளங்கும். பாரம் முன்னே மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும். நுகத்தில் அளவான பாரம் தங்குமாறு ஏற்றுவதே வண்டிக்காரனின் திறமை. மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்படும் கரவன் என்னும் சில்லு வீட்டிற்கும் இவ்விதியே பொருந்தும்.

பிரித்தானியரின் விடுமுறை வாழ்வில் கரவனுக்குத் தனியிடம் உண்டு. 1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் வைத்தியர், ‘வாண்டரர்’ எனப் பெயரிய வீட்டு வண்டியைக் குதிரைகள் இழுக்க நாடு சுற்றினார். முதலாம் உலகப் போரின் பின் குதிரையின் இடத்தை மோட்டார் பெற்றது. அங்கு 1997 சனவரி 1ஆம் நாள் முதலாகச் சாதாரண மோட்டார் அனுமதிப்பத்திரம் பெற்றோர், பெரிய கரவனை இழுப்பதற்குத் தனிப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டியிருந்தது. 2021 திசெம்பர் 16ஆம் நாள் முதல் அப்பரீட்சை நீக்கப்பட்டு, 3,500 கிலோகிராம் வரை இழுக்க அனுமதி வழங்கப்பட்டது. பரீட்சை நீங்கியதேயன்றிப் பௌதிக விதிகள் நீங்கவில்லை. ஆதலின் அவற்றை அறியும் பொறுப்பு இழுப்பவரையே சார்ந்தது.

முதலிற் கவனிக்கவேண்டியது நிறை. கரவனின் வெறும் நிறையன்று, பொருள்கள் ஏற்றியபின் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச நிறையே கணக்கிற்குரியது. அது மோட்டார் வண்டியின் வெறும் நிறையில் நூற்றுக்கு 85 பங்கைக் கடவாதிருத்தல் நன்று என்பது அந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் அறிவுரை. 1,600 கிலோகிராம் நிறையுள்ள வண்டிக்கு 1,360 கிலோகிராம் கரவன் பொருந்தும். இஃது அறிவுரையேயன்றிச் சட்டமன்று. ஆனால் வண்டியை ஆக்கியோர் விதித்த இழுவை எல்லையை ஒருபோதும் மீறலாகாது. பின்வருவது முன்செல்வதினும் பாரமாயின், வால் நாயை ஆட்டிய கதையாகும்.

அடுத்தது சமநிலை. கரவனின் முன்முனை, இழுகொளுவியை அதன் மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரையான பாரத்தால் அழுத்துதல் வேண்டும். மேற்கூறிய கரவனுக்கு இது ஏறக்குறைய 68 முதல் 95 கிலோகிராம். கொளுவி தாங்கும் எல்லை இதனிற் குறைவாயின் அவ்வெல்லையையே கொள்ளல் வேண்டும். பாரமான பொருள்களை அச்சின் மேலே, தரையோடு ஒட்டித் தாழ வைத்தலே முறை.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்றதினும் வீதியிற் கற்றதே மிகுதி. ஒருமுறை பிள்ளைகளின் துவிச்சக்கர வண்டிகளைக் கரவனின் பிற்புறத்திற் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். இறக்கமொன்றிற் கரவன் இருபுறமும் ஆடத் தொடங்கிற்று. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதினும் பெரிதாயிற்று. பின்னிருக்கையிற் பிள்ளைகள் பேச்சடங்கினர். நற்காலமாக, வேகமூட்டியிலிருந்து காலை எடுத்துச் சுக்கானை நேரே பற்றியிருந்தேன். வேகம் தணிய ஆட்டமும் தணிந்தது. அவ்வேளையிற் பிறேக்கை ஓங்கி மிதிப்பதும், சுக்கானை எதிர்த்துத் திருப்புவதும் கேட்டையே விளைக்கும். கல்லூரி ஆய்வுகூடத்தில் நெம்புகோலிற் படிகளைத் தொங்கவிட்டு யாம் கற்ற திருப்பத்தின் பொருள் அன்றுதான் எனக்கு முற்றாக விளங்கிற்று. சில்லின் அச்சிலிருந்து தூரத்தே வைத்த சிறுபாரமும் பெருவிளைவு தரும்.

மூன்றாவது வேகம். இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. மணிக்கு 50 மைல் வேகம் 60 ஆகும்போது வேகம் ஐந்தில் ஒரு பங்கே கூடும்; சக்தியோ நூற்றுக்கு 44 பங்கு கூடும். கரவனை இழுப்போர்க்கு ஒற்றை வீதியில் 50 மைலும், இரட்டை வீதியிலும் அதிவேகப் பெருவீதியிலும் 60 மைலும் உச்ச வேகமெனப் பிரித்தானியச் சட்டம் வகுத்திருப்பதன் நியாயம் இதனால் விளங்கும். இறக்கத்தில் அவ்வெல்லையினும் தாழ்ந்து செல்வதே அறிவுடைமை.

எனவே, நிறுத்துப் பார்த்து ஏற்றுக. ஏற்றியபின் மீண்டும் நிறுக்க. ரயர்களின் காற்றையும் விளக்குகளையும் காப்புக் கம்பியையும் சோதித்தபின் புறப்படுக. இவற்றிற்குச் செல்லும் அரைமணி நேரம் விடுமுறையிற் குறைந்ததன்று. குடும்பம் முழுவதும் நலமே வீடு திரும்புதற்கு யாம் கொடுக்கும் சிறுவிலையேயாம்.