கல்லும் நீரும் – 9: பானையடியில் படிந்த வெள்ளை

சென்ற வாரம் திருகோணமலைக்குப் பக்கத்தில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளருகே நின்றோம். அங்கே எரிமலை கிடையாது. ஆனால் பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். பாறை வெடிப்பு வழியே வெகு ஆழம் போன மழைநீர், ஆறுவதற்குள் மேலே ஏறிவிட்டால் வெந்நீர் ஊற்று. சூட்டில் அது கூடுதல் சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும். விரைந்து ஏறுவதால் அதை வழியில் இறக்கிவைக்க நேரமிருக்காது. ஊற்று நீரின் சிலிக்காவை அளந்தே ஆழத்தின் சூட்டைக் கணிக்கிறார்கள்.

வெந்நீர் அவசரமாகச் செய்வதைத் தண்ணீர் நிதானமாகச் செய்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்த வாரம் திருப்புலிவனம் வந்தேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில், வியாக்ரபுரீஸ்வரர் கோயில் கொண்ட ஊர். ஊரோரத்தில் ஒரு கொல்லையில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் செம்மண், பிறகு கையால் நொறுங்கும் மக்கிய பாறை, அதன்பின் சாம்பல் நிறப் புழுதி. “கருங்கல் புடிச்சிடுச்சு” என்றார் வண்டிக்காரர். கொட்டிய சில்லுகளை வாளி நீரில் அலசினேன். கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், மங்கலான ஃபெல்ட்ஸ்பார், நடுவே நகக்கண் அளவு மினுங்கும் கறுப்புக் காக்காப்பொன்.

இந்த வட்டாரத்தின் அடியில் கிடப்பவை நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய பாறைகள். சார்னோக்கைட்டுக்குப் பெயர் வந்ததே கொல்கத்தாவில், ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து. 1893இல் அப்படிப் பெயரிட்டவர் தாமஸ் ஹாலண்ட். நம் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளும் அதே இனம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்கள் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு ஃபெல்ட்ஸ்பாரை அரிக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது, சோடியம், கால்சியம், சிலிக்கா நீரில் சேர்கின்றன, கூடவே பைகார்பனேட்டும் பெருகுகிறது. காக்காப்பொன்னும் அபடைட் என்ற கனிமமும் கொஞ்சம் ஃபுளூரைடைத் தருகின்றன. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளூரைடு ஓரளவுக்கு மேல் தங்காது. இரண்டும் சேர்ந்து கல்லாகப் படிந்துவிடும். ஆனால் வறண்ட பூமியில் நீர் நெடுநாள் வெடிப்புக்குள் கிடந்தால், கால்சியம் முந்திக்கொண்டு பைகார்பனேட்டோடு சேர்ந்து சுக்கான் கல்லாகிவிடுகிறது. பிடித்து நிறுத்தக் கால்சியம் இல்லாததால் ஃபுளூரைடு ஏறிக்கொண்டே போகும்.

பக்கத்து வீட்டு அம்மா தன் வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. “காய்ச்சிக் குடிச்சா எல்லாம் போயிடுமாங்க?” போவது கிருமியும் கொஞ்சம் கடினத்தன்மையும்தான் அம்மா, என்றேன். சுக்கான் கல்லும் பானையடி ஏடும் ஒன்றே. ஃபுளூரைடு நீரிலேயே நிற்கும். ஆவி போகப் போக அடர்த்திதான் கூடும். இதை அவரிடம் மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. காய்ச்சிய நீர் என்றால் கவலையில்லை என்று நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எத்தனையோ தாய்மார்கள் நினைவுக்கு வந்தார்கள்.

குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937லேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. அதனால் புதுப் போர் போட்டவுடன், மோட்டார் இறக்குமுன் பரிசோதனைக்குக் கொடுப்பதை ஒரு சடங்காகவே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதி இருக்கிறது. ஏரிக்கும் ஆழத்து ஃபுளூரைடுக்கும் தொடர்புண்டு: ஏரி நிரம்பினால் புதுநீர் வெடிப்புகளில் இறங்கி, பழைய நீரின் உப்பைத் தணிக்கும். ஏரி வற்றிய ஆண்டுகளில் நாம் இன்னும் ஆழம் போகிறோம். அங்கே இருப்பது பெரும்பாலும் நெடுநாள் பாறையோடு கிடந்த நீர்.

மாலையில் தண்ணீர் பீறிட்டது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தேன். கண்ணாடி ஆகாது, ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியும். ஆழம், தேதி எழுதி ஒட்டி, அந்த அம்மா கையிலேயே கொடுத்தேன், பரிசோதனைக்குக் கொடுத்துவிடச் சொல்லி.

அடுத்த வாரம் தர்மபுரி: இதே ஃபுளூரைடுக்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி வந்த கதை.