மின்கிதாருக்குரிய டிரான்ஸிஸ்டர் பெருக்கி

கிதாரின் எஃகுத் தந்தி அதிரும்போது அதன் அடியிலுள்ள காந்தத்தின் புலம் மாறுபடுகின்றது. காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டுள்ள மெல்லிய செம்புக் கம்பியில், இம்மாறுபாட்டினால் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுகின்றது. பிக்கப் எனப்படும் இவ்வுறுப்பைக் கொண்ட கிதாருக்கு ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இதிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தம் வோல்ட்டில் பத்திலொரு பங்கு முதல் ஏறத்தாழ ஒரு வோல்ட் வரையே இருக்கும். ஓர் அறையையோ மண்டபத்தையோ ஒலியால் நிரப்புவதற்கு இதனைப் பல வாட் அளவுக்கு உயர்த்தியாக வேண்டும். அவ்வேலையைச் செய்வது பெருக்கி.

ஷில்லாங், ஐஸ்வால், கொல்கத்தா போன்ற நகரங்களில் மின்கிதார் பயிலும் இளைஞர் ஏராளம். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் கருநாடக இசைக்குக் கொண்டுவந்த மின்மாண்டலினும் இதே வகையான பிக்கப்பைக் கொண்டதே. ஆகவே பள்ளியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ மின்னணுவியல் கற்பிக்கும் ஆசிரியரிடம், "நாங்களே ஒரு பெருக்கி செய்யலாமா?" என்று மாணவர் கேட்பது இயல்பு. செய்யலாம். ஆனால் வானொலிக்கோ இசைத்தட்டுக்கோ ஏற்பட்ட பெருக்கியின் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு செய்தால் அது நெடுநாள் உழைக்காது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். முன்பெருக்கியைப் பற்றி இங்கே கூறப்போவதில்லை. ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றற்பெருக்கி ஒன்றே நம் விஷயம்.

இசைத்தட்டைக் கேட்பவர் ஒலி சிதையத் தொடங்கியவுடன் அதனைக் குறைத்துவிடுவார். மின்கிதார் வாசிப்பவரோ அச்சிதைவையே விரும்பி, பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் வேண்டுமென்றே செலுத்துவார். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுக்கும் பெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30-ஐ 8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 15.5 வோல்ட், அலையின் உச்சி ஏறத்தாழ 22 வோல்ட், உச்சி மின்னோட்டம் 2.7 ஆம்பியர். டிரான்ஸிஸ்டர்களில் இழக்கப்படுவதையும் சேர்த்தால் நேர், எதிர் என இருபுறமும் 28 வோல்ட் மின்வழங்கல் வேண்டும். அதிலிருந்து உச்சியாக 24 வோல்ட் பெறலாம். அலை வளைவு கெடாமல் இருக்கும்வரை இது 36 வாட். ஆனால் அலையின் தலை முழுவதும் வெட்டுண்டு சதுரமாகிவிட்டால், 24-இன் வர்க்கத்தை 8-ஆல் வகுக்க வேண்டும். விடை 72 வாட். அதாவது, "30 வாட்" என்று எழுதி ஒட்டிய பெட்டி, மாணவர் குமிழை முழுதும் திருப்பியவுடன் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றலை ஸ்பீக்கரில் செலுத்த முற்படுகின்றது. மின்வழங்கலின் அழுத்தம் சுமையில் சற்றுத் தாழ்வதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே செல்லும் எனினும், ஸ்பீக்கர் 75 வாட் தாங்குவதாக இருத்தல் நலம். டிரான்ஸ்பார்மரும் அவ்வாறே. 20-0-20 வோல்ட், 3 ஆம்பியர் என்னும் அளவுக்குக் குறைந்ததை வாங்கி ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதில் பயனில்லை.

மின்வழங்கலுக்கு ஒரு பாலம் அமைப்பு ரெக்டிபையரும், பக்கத்திற்கு ஒன்றாக 4700 மைக்ரோபாரட், 50 வோல்ட் கண்டென்ஸர்களும் போதும். முழு ஒலியில் எஞ்சும் அலைவு இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கும். இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். டிரான்ஸ்பார்மரின் மீது எழுதப்பட்டுள்ள 20 வோல்ட் முழுச் சுமையில் கிடைப்பது. சுமையில்லாதபோது அது உயரும். வீட்டு மின்சாரமும் 230-க்குப் பதிலாக 250-ஆக இருக்கும் வேளைகள் உண்டு. இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் பக்கத்திற்கு 33 வோல்ட், இருபுறமும் சேர்த்து 66 வோல்ட் வந்துவிடும். பழம்பெரும் 2என்3055 டிரான்ஸிஸ்டர் 60 வோல்ட்டுக்கே உறுதி கூறப்பட்டது. பழைய படங்களில் காணப்படுகின்றது என்பதற்காக அதனை இங்கே பொருத்துவது தவறு. அத்துடன், அப்பெயர் பொறித்த போலிச் சரக்கும் கடைகளில் நடமாடுகின்றது. 100 வோல்ட் தாங்கும் டிஐபி35சி, டிஐபி36சி என்னும் இணை இவ்வேலைக்குப் பொருந்தும்.

இனி வெப்பத்திற்கு வருவோம். பெருக்கி முழு ஒலியில் பாடும்போதுதான் டிரான்ஸிஸ்டர் மிகுதியாகச் சுடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. முழு ஒலியில் டிரான்ஸிஸ்டர் ஏறத்தாழ மூடிய ஸ்விட்சைப் போல் நடந்துகொள்கின்றது. அழுத்தத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கரின் குறுக்கே விழுகின்றது. ஒலியே இல்லாதபோது மின்னோட்டம் இல்லை. ஆகவே வெப்பமும் இல்லை. இடைப்பட்ட நிலையில், அதாவது அலையின் உச்சி மின்வழங்கல் அழுத்தத்தில் ஏறத்தாழ 64 சதவீதமாக இருக்கும்போது, இரண்டும் கணிசமாக இருப்பதால் டிரான்ஸிஸ்டர் மிக அதிகமாகச் சுடுகின்றது. 28 வோல்ட்டும் 8 ஓமும் கொண்ட நம் பெருக்கியில் இந்த உச்ச இழப்பு இரு டிரான்ஸிஸ்டர்களுக்கும் சேர்த்து 20 வாட்.

இக்கணக்கு வெறும் மின்தடைக்கு உரியது. ஸ்பீக்கரோ சுருளும் அசையும் காகிதக் கூம்பும் கொண்ட பொருள். அதில் அழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சியை அடைவதில்லை. எனவே இழப்பை இருமடங்காகக் கொண்டு, டிரான்ஸிஸ்டருக்கு 20 வாட் வீதம் 40 வாட் என்று வைத்துக்கொள்வதே விவேகம். டிரான்ஸிஸ்டரின் உட்படிகத்திலிருந்து அதன் உலோக முதுகு வரை வாட்டுக்கு 1 டிகிரி. மைக்காத் தகடும் வெப்பப் பசையும் சேர்ந்து அரை டிகிரி. ஆக 20 வாட்டுக்கு 30 டிகிரி. தொழிலில் ஹீட் ஸிங்க் எனப்படும் துடுப்புள்ள அலுமினியக் கட்டை வாட்டுக்கு 1 டிகிரி உடையதாயின் 40 வாட்டுக்கு 40 டிகிரி. கோடையில் பெட்டியின் உட்புறம் 45 டிகிரி. மொத்தம் 115 டிகிரி செல்சியஸ். படிகம் தாங்கும் எல்லை 150. எஞ்சியுள்ள 35 டிகிரிதான் நமக்குள்ள காப்பு. இதே பெருக்கியைக் கைக்குக் கிடைத்த ஓர் அலுமினியத் தகட்டில், வாட்டுக்கு 2 டிகிரி உடையதில், பொருத்தினால் கணக்கு 155-இல் போய் நிற்கும். மாணவர்களைக் கொண்டே இக்கூட்டலைக் கரும்பலகையில் செய்வித்தல் நலம். பிறகு அவர்கள் கட்டையின் அளவைக் குறைக்கக் கேட்கமாட்டார்கள்.

வால்வுகளுக்கும் டிரான்ஸிஸ்டர்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. மிகைச்சுமையில் வால்வின் தகடு செக்கச்செவேலெனச் சிவந்து, பார்ப்பவருக்கு எச்சரிக்கை தரும். சுமையை நீக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டிரான்ஸிஸ்டர் எவ்வித அறிகுறியும் காட்டாமல் கண நேரத்தில் மடியும். மடியும்போது அநேகமாகக் குறுக்கிணைப்பாகவே மடியும். அப்போது 28 வோல்ட் நேர்மின்னோட்டம் முழுவதும் ஸ்பீக்கரின் சுருளில் பாய்ந்து அதனையும் எரித்துவிடும். பக்கத்திற்கு ஒரு ப்யூஸ் இருப்பினும் அது உருகுவதற்குள் சுருள் கருகிவிடக்கூடும். நேர்மின்னோட்டத்தை உணர்ந்து ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே ஒன்றைச் சேர்ப்பது மேல்.

சுற்றின் மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகக் கூறலாம். முதலில் இரு சிறு டிரான்ஸிஸ்டர்கள் கொண்ட ஒப்பீட்டு இணை. அடுத்து மின்னழுத்தத்தை உயர்த்தும் நிலை. இதற்கு 2என்5551 போன்று மொத்த அழுத்தத்தையும் தாங்கும் வகை வேண்டும். பிறகு பிடி139, பிடி140 என்னும் இயக்கிகள். இறுதியில் மேற்சொன்ன இணை. இறுதி டிரான்ஸிஸ்டர் ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.33 ஓம், 5 வாட் தடை. ஸ்பீக்கர் முனையிலிருந்து தரைக்கு 10 ஓமும் 0.1 மைக்ரோபாரடும் தொடராக. இதனை விட்டுவிட்டால், பெருக்கி காதுக்குக் கேளாத உயர் அதிர்வில் தானாகவே அலைந்து, ஒலி ஏதுமின்றியே சுடத் தொடங்கலாம்.

ஓய்வு மின்னோட்டத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டும். நேர்ப்பாதி அலையை ஒரு டிரான்ஸிஸ்டரும் எதிர்ப்பாதியை மற்றொன்றும் சுமப்பதால், ஒன்று விட்டு மற்றொன்று பற்றும் இடத்தில் ஓர் இடறல் ஏற்படும். மீட்டிய சுரம் தேய்ந்து மறையும் இறுதி விநாடிகளில் இது கரகரப்பாகக் கேட்கும். இதனைத் தவிர்க்கவே இரண்டிலும் எப்போதும் 50 மில்லியாம்பியர் அளவில் ஓடும்படி வைக்கின்றோம். ஆனால் டிரான்ஸிஸ்டரின் பேஸ், எமிட்டர் இடையேயுள்ள அழுத்தம், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 2 மில்லிவோல்ட் குறைகின்றது. கொடுக்கும் அழுத்தம் மாறாதிருந்தால், சூடு ஏற ஏற மின்னோட்டம் பெருகும், மின்னோட்டம் பெருகச் சூடு மேலும் ஏறும், முடிவு அழிவு. இதற்கு மாற்று, அழுத்தத்தை நிர்ணயிக்கும் சிறு டிரான்ஸிஸ்டரை இறுதி டிரான்ஸிஸ்டர்கள் அமர்ந்துள்ள அதே கட்டையில் திருகிவைப்பதாகும். அது உடன் சூடாகி அழுத்தத்தைத் தானே தாழ்த்தும். இதனைச் சீராக்கும் மாறுதடை, அச்சிறு டிரான்ஸிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். நாளடைவில் அதன் தொடுகரம் தேய்ந்து விலகினால் மின்னோட்டம் குறையுமேயன்றிக் கூடாது. எதிர்ப்புறம் வைத்தால் அதே பழுது இறுதி டிரான்ஸிஸ்டர்களைப் பலி கொள்ளும்.

டிரான்ஸிஸ்டர் பெருக்கியின் ஒலி "உயிரற்றது" என்று கிதார் கலைஞர் குறைகூறுவது வழக்கம். இதில் பாதி பழக்கம், பாதி பௌதிகம். 12 அங்குல ஸ்பீக்கர் 8 ஓம் எனப்படினும், 70 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையில் அது ஒத்ததிரும் இடத்தில் தடை 40 ஓமுக்கும் மேல் செல்லும். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது என்பதை நோக்குக. வால்வுப் பெருக்கியின் உள்தடை மிகுதியாதலால் அவ்விடத்தில் அதன் ஒலி தானே ஓங்குகின்றது. பின்னூட்டம் நிறைந்த டிரான்ஸிஸ்டர் பெருக்கியோ எவ்வித வேறுபாடுமின்றி ஒரே அழுத்தத்தைக் கொடுக்கின்றது. பரிகாரம் எளிது. ஸ்பீக்கரின் தரைப்பக்கத்தில் 0.22 ஓம், 5 வாட் தடை ஒன்றை இட்டு, பின்னூட்டப் பிரிவின் அடிமுனையைத் தரையில் சேர்க்காமல் இத்தடையின் மேல்முனையில் சேர்க்க வேண்டும். பிரிவின் தடைகள் 22 கிலோ ஓமும் 1 கிலோ ஓமுமாயின் பெருக்கியின் உள்தடை 5 ஓம் ஆகின்றது. பெருக்கம் 8 ஓமில் 14 மடங்கு, 40 ஓமில் 20 மடங்குக்குச் சற்று மேல். அதாவது ஒத்ததிர்வில் 3 டெசிபல் எழுச்சி. முழு ஒலிக்கு முன்பெருக்கியிலிருந்து 1.1 வோல்ட் போதும். ஸ்பீக்கர் கழன்றுவிட்டாலும் பெருக்கம் 23-க்கு மேல் போகாது என்பது இவ்வமைப்பின் சிறப்பு. டிரான்ஸிஸ்டராலும் கலைஞர் மனத்தைக் கவர முடியும் என்பதற்கு, ஜப்பானில் 1975-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ரோலண்ட் ஜேசி-120 பெருக்கியே சான்று.

இவ்வளவையும் தவிர்த்து, எல்எம்3886 போன்ற ஒருங்கிணைந்த சில்லு ஒன்றைக் கொண்டே 8 ஓமில் 38 வாட் பெறலாம். காலம் குறைவாயின் அதுவே தக்கது. வெப்பக் கணக்கு அதற்கும் உண்டு. ஆயினும் ஓய்வு மின்னோட்டம் என்பது யாது என்று அதனைக் கொண்டு கற்பிக்க இயலாது.

முதன்முறை மின்சாரம் தரும்போது 100 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடரில் இடவேண்டும். கண்டென்ஸர்கள் நிரம்பும்வரை விளக்கு பளிச்சிட்டு, பின் மங்கினால் நன்று. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது. இழைவிளக்குகள் அருகிவருவதால் எல்இடி விளக்கை வைத்துப் பார்ப்போர் உண்டு. அது இவ்வேலைக்கு உதவாது. ஸ்பீக்கரை இணைக்குமுன் வெளிமுனையில் நேர்மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கின்றதா என்று காண்க. பின்னர் விளக்கை நீக்கி, எமிட்டர் தடையின் குறுக்கே 16 மில்லிவோல்ட் வரும்படி மாறுதடையைத் திருகுக. அரைமணி கழித்து மறுபடியும் பார்க்க. கையை உள்ளே விடுமுன் 100 ஓம், 10 வாட் தடை ஒன்றால் கண்டென்ஸர்களின் மின்னேற்றத்தை வடித்துவிடவேண்டும்.

கடைசியாக, உயிர் சம்பந்தமான விஷயம். கிதாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் உறை வழியாகவும் பெருக்கியின் உலோகச் சட்டத்துடன் இணைந்துள்ளன. வாசிப்பவரின் விரல்கள் எந்நேரமும் அச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதாகவே பொருள். 1972-இல் வேல்ஸிலுள்ள ஸ்வான்ஸி நகர மேடையில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்குண்டு இறந்தார். தந்திகள் எர்த்துடன் சேர்ந்திருக்க, மைக்கின் உடலில் மின்சாரம் இருக்குமாயின், இரண்டையும் தொடுபவரின் உடலே கம்பியாகிவிடும். ஆகவே மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பியைச் சட்டத்தில் தனிப் போல்ட்டால் இறுக்கி, முள்ளுக்கும் சட்டத்துக்கும் இடையே ஓர் ஓமுக்குக் குறைவாக உள்ளதா என்று அளக்கவேண்டும். இரைச்சலைப் போக்க எர்த் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் மேடைக்காரர்களிடையே உண்டு. இரைச்சலுக்கு வேறு மருந்து உண்டு. பெருக்கியினுள் தரைக் கம்பிகள் அனைத்தையும் கண்டென்ஸர்களின் நடுமுனையில் ஒரே புள்ளியில் சேர்ப்பதே அது. பள்ளி மண்டபத்தின் மின்வழியில் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னர் மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்து, அதன் ஒரு முனையைக் கிதாரின் தந்தியிலும் மறுமுனையை மைக்கின் உலோக வலையிலும் வைத்துப் பார்க்கவேண்டும். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பழுது கண்டுபிடிக்கப்படும்வரை எவரையும் மேடையேற்றலாகாது.