கையெழுத்தால் எழுதியவரை அறிதல்: கணிப்பொறியும் தமிழ் வரிவடிவமும்

கையெழுத்தைக் கணிப்பொறியில் இருவகையாகப் பதிவு செய்யலாம். தாளில் எழுதியதை வருடியால் படமாக்குவது ஒன்று. மின்னணுப் பலகையில் எழுதும்பொழுதே பதிவு செய்வது மற்றொன்று. முன்னதில் வடிவம் மட்டுமே கிடைக்கும். பின்னதில் கோடுகளின் வரிசை, வேகம், எழுதுகோல் மேலெழும் இடம் ஆகியனவும் கிடைக்கும். சான்றாக, ஒருவர் புள்ளியை எழுத்துதோறும் இடுகிறாரா, சொல்லை முடித்தபின் இடுகிறாரா என்பதைப் படம் காட்டாது, பலகை காட்டும்.

எழுத்தை அறிதலில் ஆள்தோறும் வேறுபடும் கூறுகள் விலக்கப்படுகின்றன. எழுதியவரை அறிதலில் அவையே தரவுகளாகின்றன. எனினும் எல்லா வேறுபாடுகளும் தனியாளுக்குரியன அல்ல. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர்ப் பயின்றோருள் பலர் லை, னை முதலியவற்றைத் துதிக்கை வடிவில் எழுதுவர். இது ஒரு தலைமுறையின் பொதுக்கூறு. ஐயத்திற்குரிய ஆவணத்திலும் ஒருவரது மாதிரியிலும் இவ்வடிவம் காணப்படுவதால் மட்டும் இரண்டையும் எழுதியவர் ஒருவரே எனல் பொருந்தாது. ஒப்பீட்டுத் தொகுப்பில் இளையோர் மாதிரிகளே இருப்பின், கணிப்பொறி இப்பொதுக்கூற்றை அரிய தனிக்கூறாக மதிப்பிட்டுவிடும்.

கையெழுத்து வல்லுநரின் கருத்துக்கு 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள சட்டமும் இடமளிக்கிறது. ஒருவரது சொத்துரிமையோ விடுதலையோ இக்கருத்தைச் சார்ந்து நிற்கக்கூடும். ஆதலின், தமிழ்க் கையெழுத்துத் தொகுப்புகளில் எழுதியவரின் வயதும் அவர் எழுதப் பயின்ற காலமும் தவறாது குறிக்கப்படல் வேண்டும். பொதுக்கூறு எது, தனிக்கூறு எது என வரையறுத்துத் தருவது மொழியியலாரின் கடமையாகும்.