சிவசமுத்திரம் செல்வோம்

கூட்டாகச் சென்று, காட்டில் நடந்து, கூடாரத்தில் ஓர் இரவு தங்கிவர ஏற்ற அருவி எது என்று நம் சங்கத்துக் குடும்பங்கள் ஆலோசித்து வருகின்றன. திருப்பத்தூர்ப் பக்கத்து ஜலகம்பாறையைச் சிலர் கூறினர். ஒகேனக்கல்லைப் பலர் கூறினர். இரண்டும் நல்லவையே. ஆயினும் தங்கவயலில் வாழும் தமிழர் முதலில் காணவேண்டியது சிவசமுத்திரமே என்பது எமது கருத்து.

1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், அங்குள்ள மின்நிலையத்திலிருந்துதான் நம் தங்கவயலுக்கு முதன்முதல் மின்சாரம் வந்தது. காவிரியின் வீழ்ச்சியில் பிறந்த விசை ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிவந்து, தங்கச் சுரங்க எந்திரங்களை இயக்கிற்று. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததோ 1905-இல்தான்! இத்திட்டத்திற்கு முன்னின்று உழைத்த மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-லேயே காலமாகிவிட்டார். அதன் பயனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கோடையில் ஆறு வற்றினால் சுரங்கத்திற்கு மின்சாரம் குறையும். அக்குறையைப் போக்குதலும் ஒரு நோக்கமாகவே 1911-இல் கிருஷ்ணராஜசாகர் அணை தொடங்கப்பெற்றது. 2001 பிப்ரவரி 28 அன்று நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த மின்நிலையமோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுரங்கத்தில் இறங்கி உழைத்த நம் முதியோருள் பலர் அவ்வருவியைக் கண்டதேயில்லை. அவர்களுக்கு இடம் ஒதுக்கிய பின்னரே இளைஞர்களுக்கு இடம் ஒதுக்கவேண்டும்.

மாரிக்குப்பத்திலோ உரிகத்திலோ இரயில் ஏறிப் பெங்களூர் சென்று, அங்கிருந்து மைசூர் மார்க்கத்தில் மத்தூரில் இறங்கலாம். பின்பு மளவள்ளி வழியே சாலைப் பயணம். பயணச்சீட்டை மத்தூர்வரை ஒன்றாகவே வாங்கிவிடுக. பெங்களூரில் மூட்டையும் குழந்தையுமாக மறுபடி வரிசையில் நிற்போரைக் காணும்போதெல்லாம், இரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் எமக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆடி முதல் ஐப்பசி வரை நல்ல காலம். அணை நிரம்பி நீர் திறந்த செய்தியைப் பத்திரிகையில் கண்ட பின்னரே நாள் குறிக்கவேண்டும்; இல்லையேல் வெறும் பாறையைத்தான் பார்த்துத் திரும்புவோம். ஆறு ஒரு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என இரு அருவிகளாக விழுகிறது. ககனசுக்கியை எதிரேயுள்ள காட்சி மேடையிலிருந்து காண்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். பாறை வழியே இறங்கி உயிரிழந்தோர் உண்டு. பரசுக்கியில் கீழே செல்லப் படிகள் இருப்பினும், முழங்கால் வலியுள்ளோர் மேலிருந்தே பார்க்கலாம். தீவில் ரங்கநாதர் கோயில் ஒன்றும் உண்டு. தாய்மார்கள் அதை விட்டுவர இசையார்.

அருவியருகே கூடாரம் அடிக்க எண்ணவேண்டா. ஆற்றின் போக்கிலே கீழே, பீமேஸ்வரியில் கர்நாடக அரசு நிறுவனத்தின் வனமுகாம் இருக்கிறது. கூடாரமும், வழிகாட்டியுடன் காட்டு நடையும் கிடைக்கும். கட்டணம் நம்மவர்க்குச் சற்று அதிகம்தான். எனவே தங்க விரும்புவோர் முன்பதிவு செய்துகொள்ள, மற்றவர் அன்று மாலையே மளவள்ளியிலிருந்து திரும்பலாம். அது யானைக் காடு. ஆற்றில் சுழலும் முதலையும் உண்டு. குளிக்கும் ஆசையைப் பெங்களூரிலேயே இறக்கி வைத்துவிட்டு வருக.

புளிச்சோறு ஒருநாள் தாங்கும், தயிர்ச்சோறு தாங்காது. வரவிரும்புவோர், உடன்வரும் முதியோர் எத்தனை பேர், படி இறங்க இயலாதோர் எவர் என்பதையும் எழுதி, இம்மாத இறுதிக்குள் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்கவேண்டுகிறோம். மத்தூரில் வேன் அமர்த்த அக்கணக்கு தேவை.