பாசி கசியவிடும் உணவு

"குளத்துப் பச்சைத் தண்ணீரை நான்காக மடித்த வேட்டியில் வடிகட்டினேன்; தெளிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாளில் குடத்தின் உட்புறம் வழுவழுவென்றாகிவிடுகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

வேட்டியில் தப்பிய நுண்ணுயிர்கள்தான் அந்த வழுவழுப்பு. அவற்றுக்குச் சாப்பாடு போட்டது பாசி. தான் சமைத்த உணவில் ஒரு பங்கைப் பாசி தண்ணீரிலேயே கசியவிடுகிறது. கரைந்துபோன அந்தக் கரிமப் பொருளை எந்தத் துணியும் பிடிக்காது.

1956இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் டோல்பர்ட்டும் ஸில்லும், குளோரெல்லா என்ற பசும்பாசி கிளைக்காலிக் அமிலம் என்ற கரிமப் பொருளை வெளியேற்றுவதைக் காட்டினார்கள். இதை அளக்கும் முறை அழகானது. கதிரியக்கக் கார்பன்-14 கலந்த பைகார்பனேட்டைப் பாசிக்குக் கொடுத்து வெளிச்சத்தில் வைக்கிறார்கள். பிறகு மெல்லிய சவ்வில் பாசியை வடிகட்டி, வடிந்த நீரில் அமிலம் விட்டுக் காற்றை ஊதுகிறார்கள். பாசி தொடாத கார்பன் வாயுவாகப் பறந்துவிடும். நீரில் மிஞ்சும் கதிரியக்கமே பாசி வெளியிட்டதன் கணக்கு.

கசிவுக்கு ஒரு காரணம் ரூபிஸ்கோ என்ற நொதி. கரியமில வாயு குறைந்து ஆக்சிஜன் மிகும்போது, அது கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அப்போது உண்டாவதே இந்த அமிலம்.

என்னை மயக்கியது இன்னொன்று. புதிய வளர்ப்பு நீரில் சிறிதளவு குளோரெல்லாவை விட்டால், அது உடனே பெருகாது, சற்றுத் தயங்கும். நீரில் கொஞ்சம் கிளைக்காலிக் அமிலம் சேர்த்தால் அந்தத் தயக்கம் குறைவதை 1963இல் லண்டனில் ஃபாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டார்கள். என் அம்மா புது மண்பானையை முதல் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைப்பார். பானை தன் பங்கைக் குடித்த பிறகுதான் நமக்கு நீர் நிற்கும். புது நீரும் அப்படித்தான்: பாசி கசியவிடும் அமிலத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்ட பிறகே பாசியைப் பெருக விடுகிறது.

பாசியின் உணவு நீரில் கலந்து பாக்டீரியாவை வளர்க்கும் என்பதை அறியாமல்தான் பச்சையைக் கண்டதும் மயில்துத்தத்தைக் கொட்டுகிறோம். பாசியின் செல்கள் உடைந்து உள்ளிருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் நீரில் கலக்கிறது. அதைத் தின்று பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. அப்படி மருந்திட்ட ஒரு குளத்தில், விடியற்காலையில் கெண்டைகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். பச்சையை வளர்ப்பது நாம் விடும் கழிவு. குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். சாக்கடையும் சோப்பு நீரும் எந்த வழியாக உள்ளே இறங்குகின்றன என்று கண்டுபிடித்து, முதலில் அந்த வழியை அடைத்துவிடுங்கள்.