பம்பர் நசுங்கினா, முதல்ல பின்னாடி பாருங்க

மெதுவா இடிச்சா முதல்ல நசுங்குறது பம்பர் கவர். அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், சூட்டுல இளகும். விரிசல் இல்லாத குழின்னா கொதிச்ச தண்ணிய ஊத்தி, கையுறை போட்டு, உள்பக்கமிருந்து தள்ளுங்க. வெளிய வந்ததும் பச்சத்தண்ணி ஊத்துங்க, இறுகிடும்.

ஆனா நான் தண்ணி கொதிக்க வைக்கிறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்துடுவேன். கவருக்குப் பின்னாடிதான் மோதலைத் தாங்குற பீம், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் எல்லாம் இருக்கு. பீம் வளைஞ்சிருக்கா? கூலன்ட் சொட்டுதா? பானெட் பூட்ட மாட்டேங்குதா? ஏர்பேக் லைட் எரியுதா? ஒண்ணுக்கு ‘ஆமா’ன்னாலும் நேரா ஒர்க்‌ஷாப்தான். கூலன்ட் ஒழுகினா வண்டியை ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க.

வெறும் குழிதானா? கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் போயிடும். அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லைன்னா, ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50% தள்ளுபடி அது. கணக்குப் போட்டுட்டு முடிவெடுங்க.