எரிவாயு கிரில் பொருத்திய செங்கல் பார்பிக்யூ

எரிவாயு கிரில் பொருத்திய செங்கல் பார்பிக்யூ என்பது வீட்டின் பின்புறத் தோட்டத்தில் செங்கல்லால் ஒரு மேடை கட்டி, அதில் எரிவாயு கிரில் அடுப்பைப் பதித்து அமைக்கும் வெளிப்புறச் சமையல் அமைப்பு ஆகும். இறைச்சி, மீன், காய்கறி முதலியவற்றைக் கம்பித் தட்டின் மேல் வைத்து வாட்டுவதற்கு இது பயன்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் தோட்டமுள்ள வீடுகளில் இதனைக் காணலாம்.

கரி அடுப்பிலிருந்து வேறுபாடு

விறகு அல்லது கரியால் எரியும் செங்கல் பார்பிக்யூவில் சுவரே நெருப்பின் வெப்பத்தைத் தாங்குகிறது. ஆகவே நெருப்புப் படும் உட்பகுதி தீச்செங்கல்லாலும் வெப்பம் தாங்கும் கலவையாலும் கட்டப்படுகிறது. எரிவாயு கிரில்லில் நெருப்பு உலோகப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. செங்கல் மேடை அப்பெட்டியைத் தாங்கும் உறை மட்டுமே என்பதால் சாதாரணச் செங்கல்லே போதுமானது. ஆனால் இங்கு வேறோர் ஆபத்து உண்டு. எரியாமல் கசியும் வாயு, மூடிய உறைக்குள் தேங்கி நிற்கக்கூடும். எனவே இக்கட்டுமானத்தில் சுவரின் உறுதியைப் போலவே அதில் விடப்படும் காற்றுத் திறப்புகளும் முக்கியமானவை.

காற்றுத் திறப்புகள்

உருளைகளில் வரும் புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு அடர்த்தியானது. கசிந்தால் தரைமட்டத்தில் படிந்து நிற்கும். காற்றில் அதன் அளவு சுமார் 2 முதல் 9.5 விழுக்காடு வரை இருக்கும்போது ஒரு சிறு பொறியும் அதைப் பற்றவைக்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். இது காற்றைவிட இலேசானது என்பதால் மேலே சேரும்.

இதனால் உருளை வைக்கும் அறையில் தரையை ஒட்டியும் மேற்பகுதியிலும் திறப்புகள் தேவை. 9 கிலோ புரொப்பேன் உருளைக்குக் கீழே குறைந்தது 65 சதுர செ.மீ., மேலே 130 சதுர செ.மீ. திறப்பு வேண்டும் என்பது வட அமெரிக்காவில் வழக்கமான அளவு. அங்கு பயன்படும் செங்கல்லின் முகம் சுமார் 19 செ.மீ. நீளமும் 5.7 செ.மீ. உயரமும் கொண்டது, பரப்பு ஏறத்தாழ 108 சதுர செ.மீ. ஆகவே வெளிச்சுவரின் முதல் வரியில் ஒரு செங்கல்லையும் மேல்வரியில் இரண்டு செங்கற்களையும் வைக்காமல் விட்டால் இந்த அளவு கிடைத்துவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு விட்டால் காற்று ஊடே செல்லும். அழகுக்காகவோ பூச்சிகளுக்கு அஞ்சியோ இவற்றை அடைத்துவிடக் கூடாது.

கட்டும் முறை

முதலில் கிரில்லை வாங்கி, அதன் கையேட்டில் உள்ள பதிப்பு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேடையைக் கட்டி முடித்த பின் கிரில் தேடினால் அளவு பொருந்தாமல் போகலாம்.

1. இடம்: திறந்தவெளியாக இருக்க வேண்டும். மரக்கிளை, மரவேலி, வீட்டுச் சுவர் ஆகியவற்றிலிருந்து கையேட்டில் கூறப்பட்ட இடைவெளி விட வேண்டும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும்.

2. அடித்தளம்: கெட்டியான மண்ணில் சரளை பரப்பி, 10 முதல் 15 செ.மீ. கனத்தில் கான்கிரீட் இடப்படுகிறது. நிலம் உறையும் குளிர்நாடுகளில், உறையும் ஆழத்திற்குக் கீழே அடித்தளம் செல்ல வேண்டும். இல்லையெனில் உறைந்த மண் மேலெழும்பிச் சுவரில் விரிசல் விடும்.

3. சுவர்: கான்கிரீட்டை ஒரு வாரம் ஈரமாக வைத்த பின் கட்டத் தொடங்கலாம். சிமெண்ட், சுண்ணாம்பு, மணல் 1:1:6 விகிதக் கலவை ஏற்றது. ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது. ஒவ்வொரு வரியையும் ரசமட்டத்தாலும் தூக்குக்குண்டாலும் சரிபார்க்க வேண்டும்.

4. மேற்பலகை: கல் அல்லது கான்கிரீட் பலகையில் கிரில்லுக்கு இடம் விட்டுப் பொருத்தப்படுகிறது. தாங்கும் சட்டத்தில் மரம் இருந்தால், கிரில்லைச் சுற்றி வெப்பக்காப்பு உறை கட்டாயம்.

இணைப்பும் சோதனையும்

நிலையான எரிவாயுக் குழாய் இணைப்பைத் தகுதி பெற்ற பணியாளரே செய்ய வேண்டும். புரொப்பேனுக்கான கிரில்லை அப்படியே இயற்கை எரிவாயுவில் இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் அழுத்தமும் பர்னர் துளை அளவும் வேறுபடும்.

பர்னர் திருகுகளை மூடி வைத்து, உருளையின் வால்வைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் அங்கே கசிவு உள்ளது. தீக்குச்சியால் சோதிப்பது ஒருபோதும் கூடாது. இயல்பில் மணமற்ற இவ்வாயுக்களில், சமையல் எரிவாயுவில் போலவே, கசிவை உணர்த்த மெர்காப்டன் என்னும் நாற்றமுள்ள பொருள் கலக்கப்படுகிறது.

பராமரிப்பு

கிரில்லை மூடி திறந்த நிலையிலேயே பற்றவைக்க வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாதபோது பர்னர் குழாய்களுக்குள் சிலந்திகள் கூடு கட்டுவதுண்டு. அதனால் வாயு தடைபட்டு, நெருப்பு பின்னோக்கி வரலாம். ஆகவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குழாய்களைத் தூய்மை செய்து, சோப்பு நீர்ச் சோதனையை மீண்டும் நடத்தி, காற்றுத் திறப்புகளில் சேர்ந்த சருகுகளை அகற்ற வேண்டும்.